யார் தேர்ந்தெடுத்த நாடு? திரைப்பட விழா பற்றி வாசகர் கேள்வி பதில்

உலகப் படங்களோடு ஒரே ஒரு நாட்டுக்குத் தனிப் பிரிவு ஒதுக்கும் சுயாதீனத் திரைப்பட விழாக்கள் பற்றிக் கேளுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதி ஒரே கேள்விதான், வேறு வேறு சட்டையில். அதனால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன். நீளமான கடிதங்களைக் குறுக்கியதற்குக் கோபப்பட வேண்டாம்.

கே: 'கன்ட்ரி ஃபோகஸ்' என்று ஒவ்வொரு வருடமும் ஒரு நாட்டை அறிவிக்கிறார்களே, எதை வைத்து அந்த நாட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? குலுக்கிப் போட்டா?

ப: குலுக்கல் இல்லை. ஆனால் முழுக்க முழுக்கக் கலை ரசனையால் எடுக்கிற முடிவு என்றும் நினைத்துவிடாதீர்கள். ஒரு நாட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு படங்களைக் கொண்டுவர வேண்டுமென்றால் படத்துக்குப் படம் திரையிடல் கட்டணம் கட்ட வேண்டும், சப்டைட்டில் இல்லாத பழைய படத்துக்குப் புதிதாகப் போட வேண்டும், இயக்குநர்கள் நாலைந்து பேராவது நேரில் வந்தால்தான் அந்தப் பிரிவுக்கு ஒரு களை வரும், அவர்களுக்கு விமான டிக்கெட்டும் தங்குமிடமும் தர வேண்டும். பெரிய ஸ்பான்சர் இல்லாத ஒரு சுயாதீன விழா இவ்வளவையும் தனியாகச் சுமக்க முடியாது. அங்கேதான் அந்த நாட்டின் திரைப்பட அமைப்பு உள்ளே வருகிறது. பிரெஞ்சுப் படங்களை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே 1949 முதல் யூனிஃபிரான்ஸ் இருக்கிறது. ஸ்வீடனின் திரைப்பட நிறுவனம் 1963இல் வந்தது. கொரியாவில் கோஃபிக் என்ற திரைப்பட அமைப்பு இருக்கிறது. இவர்கள் பயணச் செலவில் ஒரு பங்கை ஏற்பார்கள், தூதரகம் ஒரு மாலை வரவேற்பு கொடுக்கும், விழா இயக்குநர் கொஞ்சம் மூச்சு விடுவார்.

இதன் விளைவு என்னவென்றால், இப்படி ஒரு அமைப்பு வைத்திருக்கிற நாடு திரும்பத் திரும்ப ஃபோகஸ் ஆகும். அமைப்போ பணமோ இல்லாத நாடு எவ்வளவு நல்ல படம் எடுத்தாலும் வரிசையில் பின்னால்தான் நிற்கும். அதனால் ஒரு விழா யாரும் கவனிக்காத ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்தால், அந்த விழாவை நடத்துகிறவர்களில் யாரோ ஒருவர் மாதக்கணக்கில் மின்னஞ்சல் அனுப்பி, படத் தயாரிப்பாளர்களைத் தேடிப் பிடித்து, கட்டணத்தைக் கெஞ்சிக் குறைத்திருக்கிறார் என்று தாராளமாக வைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த மாதிரிப் பிரிவுகள் மேல் ஒரு பாரபட்சமான பிரியம் உண்டு, மறைக்கவில்லை.

அரசுகளுக்கும் விழாக்களுக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததும் இல்லை. 1932இல் தொடங்கிய வெனிஸ் விழாவில் சில வருடங்களிலேயே உச்சப் பரிசுக்கு இத்தாலியச் சர்வாதிகாரி முசோலினியின் பெயர் வந்துவிட்டது. அதற்குப் பதிலடியாக 1939 செப்டம்பரில் பிரான்ஸில் கான் விழாவைத் திட்டமிட்டார்கள், போர் வெடித்தது, கடைசியில் 1946இல்தான் நடந்தது. அந்தக் கானிலும் 1972 வரைக்கும் எந்தப் படம் போட்டிக்கு வர வேண்டும் என்பதை அந்தந்த நாடுகளே முடிவு செய்து அனுப்பின. அதாவது ஆரம்பத்தில் எல்லாப் பிரிவும் கன்ட்ரி ஃபோகஸ்தான், ஃபோகஸ் பண்ணுகிறவர் அமைச்சர்! 1956இல் வதைமுகாம்கள் பற்றி அலென் ரெனே எடுத்த ஆவணப்படத்துக்கு மேற்கு ஜெர்மனியின் தூதரகம் ஆட்சேபம் சொல்ல, அது போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. 1968இல் பிரான்ஸை உலுக்கிய மாணவர், தொழிலாளர் கலவரத்தில் கான் விழா பாதியில் நின்றதும், அடுத்த வருடம் இயக்குநர்களே சேர்ந்து 'டைரக்டர்ஸ் ஃபோர்ட்நைட்' என்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியதும், அப்புறம் விழாவே படங்களைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்ததும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை. இன்றைய விழாக்களில் படங்களைத் தேர்ந்தெடுக்கிற புரோகிராமர் என்று ஒரு ஆள் இவ்வளவு முக்கியமாக இருப்பதற்கு அந்தச் சண்டையும் ஒரு காரணம்.

கே: ஒரு நாட்டின் பத்துப் படங்களை ஒரே வாரத்தில் பார்த்துவிட்டால் அந்த நாட்டின் சினிமாவைப் பற்றி ஓரளவு தெரிந்துவிட்டது என்று சொல்லலாமா?

ப: அந்தப் பத்தைத் தேர்ந்தெடுத்தவரின் ரசனை பற்றி ஓரளவு தெரிந்துவிட்டது என்று சொல்லலாம்.

கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஜப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். 1951இல் வெனிஸில் இயக்குநர் குரோசவாவின் 'ரஷோமோன்' உச்சப் பரிசான தங்கச் சிங்கம் வென்றது. அந்தப் படத்தைப் போட்டிக்குப் பரிந்துரைத்தவர் ஜப்பானில் இத்தாலியப் படங்களை விநியோகித்த நிறுவனத்தின் தலைவியாக இருந்த ஜூலியானா ஸ்டிராமிஜோலி என்ற இத்தாலியப் பெண்மணி. தயாரித்த டையே ஸ்டூடியோவுக்கே அந்தப் படத்தின் மேல் பெரிய நம்பிக்கை கிடையாது. படம் போட்டியில் இருக்கிறது என்பதே தனக்குத் தெரியாது என்று குரோசவா பின்னாளில் எழுதியிருக்கிறார். ஒருவர் கை காட்டியதில் ஒரு நாட்டின் சினிமாவுக்கே உலகக் கதவு திறந்துவிட்டது. அடுத்தடுத்த மூன்று வருடங்களிலும் இன்னொரு ஜப்பானிய இயக்குநர் மிஸோகுச்சி வெனிஸில் பரிசு வாங்கினார், 1954இல் கானின் உச்சப் பரிசும் ஒரு ஜப்பானியப் படத்துக்குப் போனது.

இப்போது இந்தப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். வாள், கிமோனோ, பழைய காலத்துக் கதை. வெளிநாட்டுக்காரர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள் என்று ஸ்டூடியோக்கள் கணக்குப் போட்டு அதையே அனுப்பின, வெளிநாட்டுக்காரர்களும் ஜப்பானிய சினிமா என்றால் அதுதான் என்று நம்பினார்கள். அதே வருடங்களில் ஓஸு என்ற இயக்குநர் சாதாரணக் குடும்பங்களின் வரவேற்பறையில் உட்கார்ந்து, மகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கிற அப்பாக்களைப் பற்றிப் படம் மேல் படமாக எடுத்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் வெளியே யாருக்குப் புரியும் என்று ஸ்டூடியோக்காரர்கள் நினைத்தார்கள். அவர் படங்கள் மேற்கே ஓரளவு தெரியவே ஐம்பதுகளின் கடைசி ஆயிற்று, 1963இல் அவர் இறந்த பிறகுதான் பரவலாகப் பேசப்பட்டார். இன்றைக்கு உலகின் சிறந்த படங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் ஓஸு முதல் வரிசையில் இருக்கிறார். பத்து வருடம் ஜப்பானிய சினிமா பார்த்தோம் என்று நினைத்தவர்களுக்கு அவர் இருப்பதே தெரியாது!

ஆகையால் ஒரு ஃபோகஸ் பிரிவு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க நான் வைத்திருக்கிற அளவுகோல் கொஞ்சம் விசித்திரமானது. அந்த நாட்டு மக்கள் உண்மையிலேயே கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்த ஒரு படம் பட்டியலில் இருக்கிறதா? முப்பது நாற்பது வருடத்துக்கு முந்திய படம் ஒன்றாவது இருக்கிறதா? அந்த நாட்டு அரசுக்குப் பிடிக்காத ஒன்று? தலைநகரத்துக்கு வெளியே, சிறுபான்மை மொழியில் எடுத்த ஒன்று? நாலும் இருந்தால் அது அருமையான தேர்வு. போன இரண்டு வருடங்களில் மற்ற விழாக்களில் பரிசு வாங்கியதை மட்டும் அள்ளிக்கொண்டு வந்திருந்தால், பாருங்கள், நல்ல படங்கள்தான், ஆனால் அது அந்த நாட்டைப் பற்றிய பிரிவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கே: ஈரானியப் படம் என்றாலே ஒரு குழந்தை எதையோ தேடிக்கொண்டு ஓடுகிறதே, அங்கே பெரியவர்களுக்குக் கதையே கிடையாதா?

ப: இருக்கிறது. நீங்கள் பார்த்தது ஒரு காலகட்டம். குழந்தைகள், இளைஞர்களின் அறிவு வளர்ச்சிக்காக அங்கே 'கானூன்' என்று ஒரு அரசு அமைப்பு உண்டு, அதில் திரைப்படப் பிரிவை உருவாக்கியவர்களில் ஒருவர் இயக்குநர் கியரோஸ்தமி. இஸ்லாமியப் புரட்சிக்குப் பிறகு ஆண் பெண் உறவைத் திரையில் காட்டுவதில் ஆயிரம் தடைகள் வந்தபோது, குழந்தையை மையமாக வைத்தால் வீட்டுக்குள்ளும் தெருவிலும் கேமரா சுதந்திரமாக நடமாட முடிந்தது. கூட்டாளியின் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிற ஒரு பையனைப் பற்றி அவர் எடுத்த படம் 1989இல் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ விழாவில் வெண்கலச் சிறுத்தைப் பரிசு வாங்கியது, அதிலிருந்து விழாக்கள் ஈரான் பக்கம் திரும்பின. விழாக்கள் எதைக் கைதட்டி வரவேற்கின்றனவோ அதே மாதிரி இன்னும் பத்து வருவது எங்கேயும் நடக்கிறதுதான். ஆனால் 1997இல் அதே கியரோஸ்தமிக்குக் கானின் உச்சப் பரிசான தங்கப் பனையை வாங்கிக் கொடுத்த படத்தில், தற்கொலை செய்துகொள்ள நினைக்கிற ஒரு நடுவயது மனிதர் காரில் சுற்றிக்கொண்டே இருக்கிறார். குழந்தை ஓடவில்லை. ஈரானிலேயே நன்றாக ஓடுகிற நகைச்சுவைப் படங்கள் எந்த விழாவிலும் அநேகமாக வருவதில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

கே: இயக்குநர் ஒரு நாடு, பணம் போட்டது மூன்று நாடு, படம் பிடித்தது இன்னொரு நாடு. இதை எந்த நாட்டுப் படம் என்று பிரிவில் வைக்கிறார்கள்?

ப: விழாவுக்கு விழா மாறும், சில சமயம் ஒரே விழாவுக்குள்ளேயே மாறும். சட்டப்படி பார்த்தால் எந்த நாட்டுத் தயாரிப்பு நிறுவனம் அதிகப் பங்கு வைத்திருக்கிறதோ அந்த நாட்டின் பெயர் முதலில் வரும். இதற்கெனக் கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தங்களை நாடுகள் தங்களுக்குள் போட்டுக்கொள்கின்றன. ராட்டர்டாம் விழாவோடு சேர்ந்த ஹூபர்ட் பால்ஸ் நிதி, பெர்லின் விழாவின் உலக சினிமா நிதி மாதிரி, விழாக்களே வெளிநாட்டு இயக்குநர்களுக்குப் பணம் கொடுப்பதும் உண்டு. கேட்லாக்கில் ஒரு படத்துக்கு எதிரே ஐந்து நாட்டின் பெயர் பார்த்தால் மலைக்க வேண்டாம், அந்த இயக்குநர் ஐந்து கதவைத் தட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

சிக்கல் வருவது இயக்குநருக்கும் அவர் அரசுக்கும் ஆகாதபோது. துருக்கியைச் சேர்ந்த குர்தியக் கலைஞர் இல்மாஸ் குனே சிறையில் இருந்தபடியே 'யோல்' படத்துக்குத் திரைக்கதை எழுதி, ஷெரிஃப் கோரென் அதை அவர் சொற்படி இயக்கினார். குனே சிறையிலிருந்து தப்பி சுவிட்சர்லாந்தில் படத்தொகுப்பை முடித்தார். 1982இல் அது கானில் தங்கப் பனையைப் பகிர்ந்துகொண்டது, ஆஸ்கருக்கு அனுப்பியதோ சுவிட்சர்லாந்து. துருக்கியில் 1999 வரை அந்தப் படத்தைத் திரையிட முடியவில்லை. இந்தப் படத்தை நீங்கள் துருக்கிப் பிரிவில் வைப்பீர்களா, சுவிஸ் பிரிவில் வைப்பீர்களா, அல்லது நாடே இல்லாத குர்திய சினிமா என்று ஒன்று உருவாக்குவீர்களா? சமீபத்தில் பாருங்கள், முகமது ரசூலோஃப் ஈரானிலிருந்து தப்பி வந்து 2024இல் கானில் காட்டிய படத்தை ஆஸ்கருக்கு அனுப்பியது ஜெர்மனி. 2025இல் தங்கப் பனை வென்ற ஜாஃபர் பனாஹியின் படத்தை அனுப்பியது பிரான்ஸ். இரண்டிலும் பேசுவது பாரசீகம், வாழ்க்கை ஈரானுடையது.

என்னைக் கேட்டால், பாஸ்போர்ட்டையும் பணத்தையும் பார்க்காமல் அந்தப் படம் யாருடைய வாழ்க்கையைப் பேசுகிறதோ அங்கே வைக்க வேண்டும். ஆனால் அந்த நாட்டு அரசின் பண உதவியில் ஃபோகஸ் நடத்துகிற விழா இப்படிச் செய்தால் அடுத்த வாரமே தொலைபேசி அடிக்கும். பணம் வாங்கும்போதே "தேர்வு எங்களுடையது, பட்டியலில் நீங்கள் கைவைக்கக் கூடாது" என்று எழுதி வாங்கிக்கொள்கிற விழாக்கள் இருக்கின்றன. அவற்றைத்தான் சுயாதீன விழா என்று நான் ஒப்புக்கொள்வேன்.

கே: சொந்த நாட்டுப் படங்களையும் உலகப் படங்களையும் ஒரே விழாவில் போட்டால் நம்முடையது சின்னதாகத் தெரியாதா? தனித்தனியாக நடத்துவது நல்லதில்லையா?

ப: அந்தப் பயம் நடத்துகிறவர்களுக்கும் இருக்கிறது, அதனால்தான் பல விழாக்களில் தனித்தனிப் போட்டி. அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவையே எடுத்துக்கொள்ளுங்கள், 1978இல் வேறு பெயரில் தொடங்கியபோது அமெரிக்க சுயாதீனப் படங்களுக்கான மேடையாகத்தான் இருந்தது, உலகப் படங்களுக்குத் தனிப் போட்டி வந்தது 2005இல்தான். முதலில் வீட்டுப் பிள்ளைகள் காலூன்றினார்கள். 1996இல் கொரியாவில் தொடங்கிய பூசான் விழா ஆசியப் புதுமுகங்களுக்குப் போட்டி வைத்தது, கூடவே கொரியப் படங்களுக்கு விரிவான பிரிவு வைத்தது. படம் வாங்க வந்த வெளிநாட்டுக்காரர்கள் அங்கேயே கொரியப் படங்களையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பக்கத்தில் வைத்தால் சின்னதாகத் தெரியும் என்றால் தெரியட்டும். அதைப் பார்க்கிற இருபது வயதுப் பையனோ பெண்ணோதான் அடுத்த படத்தை எடுக்கப் போகிறார்.

கே: சுயாதீனப் படம் என்றால் பட்ஜெட் குறைந்த படம்தானே?

ப: அப்படி ஒரு பழக்கத்தில் சொல்கிறோம். அமெரிக்காவில் அந்த வார்த்தைக்குப் பெரிய ஸ்டூடியோக்களுக்கு வெளியே எடுத்தது என்று அர்த்தம். ஐரோப்பாவில் ஏறக்குறைய எல்லாக் கலைப் படத்திலும் அரசு நிதியோ பொதுத் தொலைக்காட்சிப் பணமோ இருக்கும், அங்கே அந்தப் பணத்தை வைத்து யாரும் கேவலமாகப் பார்ப்பதில்லை. சீனாவுக்குப் போனால் விஷயமே வேறு. தணிக்கைக்கு அனுப்பி அனுமதி முத்திரை வாங்காமல் எடுத்த படம்தான் அங்கே சுயாதீனப் படம். இயக்குநர் ஜியா ஜாங்கேயின் முதல் மூன்று முழுநீளப் படங்கள் அப்படி எடுத்தவை. உலகம் முழுக்க விழாக்களில் ஓடின, சீனாவில் திரையரங்குக்கு வரவில்லை, சொந்த ஊர்க்காரர்கள் திருட்டு டிவிடியில் பார்த்தார்கள். அனுமதியோடு அவர் எடுத்த முதல் படம் 2004இல் வந்தது. 2006 முதல் நடந்துகொண்டிருந்த பெய்ஜிங் சுயாதீனத் திரைப்பட விழாவை 2014இல் அதிகாரிகள் வந்து நிறுத்தினார்கள், அங்கே சேர்த்து வைத்திருந்த படங்களையும் ஆவணங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். எந்த ஊரில் நின்றுகொண்டு அந்த வார்த்தையைச் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அதன் விலை மாறுகிறது.

கே: போர் தொடுத்த ஒரு நாட்டின் படங்களை விழாவில் காட்டலாமா? எங்கள் திரைப்படக் குழுவில் இதில் பெரிய சண்டை.

ப: உங்கள் குழுவில் மட்டும் இல்லை. 2022இல் ரஷ்யா உக்ரைன் மேல் படையெடுத்தபோது, ரஷ்யப் படங்களை முழுவதுமாக ஒதுக்க வேண்டும் என்று உக்ரைன் திரைப்பட அகாடமி கேட்டது. ரஷ்ய அரசுக் குழுக்களை வரவேற்க மாட்டோம் என்று சொன்ன கான் விழா, ரஷ்ய இயக்குநர் கிரில் செரெப்ரென்னிகோவின் படத்தை மட்டும் போட்டியில் வைத்தது. அவர் தன் நாட்டிலேயே வழக்கும் வீட்டுச் சிறையும் பார்த்தவர். உக்ரைன் தரப்பில் இதற்குக் கடும் எதிர்ப்பு. இன்னொரு பக்கம், எல்லா ரஷ்யக் கலைஞர்களையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்று சொன்னதற்காகத் தங்கள் உறுப்பினரான உக்ரைன் இயக்குநர் செர்கே லோஸ்னிட்சாவையே அந்த அகாடமி நீக்கியது.

குண்டு விழுகிற ஊரில் இருந்துகொண்டு "அவர்கள் படம் வேண்டாம்" என்று சொல்கிறவரிடம் போய்க் கலைக்கு எல்லை கிடையாது என்று பிரசங்கம் செய்ய எனக்கு வாய் வராது. ஆனால் ஒரு கோடு போட்டே ஆக வேண்டுமென்றால் இப்படிப் போடுவேன்: அரசின் பணத்தில், அரசின் கொடியோடு, அரசு அனுப்பிய குழுவோடு வருகிற ஃபோகஸ் வேண்டாம். தனி ஆளாக வருகிற படத்தைப் படமாகப் பார்த்து முடிவெடுக்கலாம். இதிலும் ஓட்டை இருக்கிறது, ஏனென்றால் பெரும்பாலான நாடுகளில் அரசு நிதி இல்லாமல் படமே எடுக்க முடியாது. சண்டையைத் தொடருங்கள், குழுவை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.

கே: ஒரு நாளைக்கு ஐந்து படம் பார்க்கலாமா?

ப: முடியும். நாலாவது படத்தின் கதாநாயகி ஐந்தாவது படத்தில் ஏன் வரவில்லை என்று தேடுவீர்கள். மூன்று போதும்.

கே: விழாவில் ஒரு படத்துக்கு ஒரே ஒரு காட்சிதான், அதுவும் சில சமயம் கடைசி நேரத்தில் ரத்து. டிஜிட்டல் காலத்தில் இது என்ன கொடுமை?

ப: டிஜிட்டல் காலம் என்பதால்தான் இந்தக் கொடுமை. இப்போது படம் டி.சி.பி. என்ற கோப்புத் தொகுப்பாக வருகிறது, பெரும்பாலும் பூட்டி. பூட்டைத் திறக்க கே.டி.எம். என்று தனியாக ஒரு சாவிக் கோப்பு அனுப்புவார்கள். அந்தச் சாவி குறிப்பிட்ட ஒரு அரங்கின் குறிப்பிட்ட சர்வரில், குறிப்பிட்ட தேதியில், குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் மட்டும் வேலை செய்யும். கூட்டம் அதிகம் என்று பக்கத்து அரங்குக்கு மாற்றினால் திறக்காது. ஐந்து மணிக் காட்சி ஒன்பதுக்குத் தள்ளிப்போனால் சாவி காலாவதியாகியிருக்கலாம். புதுச் சாவி கேட்கலாமென்றால் அதை அனுப்ப வேண்டியவருக்கு அங்கே நள்ளிரவு. முன்பு பிலிம் பெட்டி சுங்கத்தில் மாட்டிக்கொள்ளும், இப்போது மின்னஞ்சல் ஸ்பாமில் மாட்டிக்கொள்கிறது.

ஒரே காட்சி என்பது வேறு கணக்கு. ஒவ்வொரு காட்சிக்கும் தனிக் கட்டணம் கேட்கிற விற்பனை நிறுவனங்கள் உண்டு, விழாவில் இத்தனை பேருக்கு மேல் பார்த்துவிட்டால் வெளியீட்டில் கூட்டம் குறையும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு.

கே: விழாக்களில் அள்ளிக்கொண்டு வருகிற படங்கள் சொந்த நாட்டில் ஏன் ஓடுவதில்லை?

ப: பல இடங்களில் ஓட அரங்கமே இல்லை. ருமேனியாவின் புதிய அலை என்று 2005 வாக்கில் உலகமே பேச ஆரம்பித்தது, 2007இல் அந்த அலையின் இயக்குநர் கிறிஸ்டியன் முஞ்சியு தங்கப் பனை வாங்கினார். ஆனால் அந்த நாட்டில் கம்யூனிஸ்ட் காலத்து அரங்குகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. அவர் என்ன செய்தார் தெரியுமா, புரொஜெக்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு அரங்கம் இல்லாத ஊர்களுக்கெல்லாம் படத்தை எடுத்துப் போனார். தங்கப் பனை வாங்கியவர்! கொரியாவில் நேர்மாறு. அங்கே அரங்குகள் வருடத்தில் 146 நாள் கொரியப் படம் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருந்தது. 2006இல் அதை 73 ஆகக் குறைத்தபோது நட்சத்திர நடிகர்களே தெருவில் இறங்கிப் போராடினார்கள். சொந்த ரசிகர் கூட்டம் இருக்கிற நாட்டின் இயக்குநர் விழாவுக்கு வரும்போது அவர் நடையே வேறாக இருக்கும்.

கே: என் முதல் படத்தை முடித்துவிட்டேன். விழாக்களுக்கு அனுப்ப என்ன வழி? நூறு விழாக்களுக்கு அனுப்பினால் பத்திலாவது தேறாதா?

ப: நூறுக்கு அனுப்பினால் நூறு நுழைவுக் கட்டணம் தேறும், அவர்களுக்கு. ஃபிலிம்ஃபிரீவே மாதிரித் தளங்கள் வந்த பிறகு அனுப்புவது சுலபமாகிவிட்டது, அதே சுலபத்தில் ஏமாற்று விழாக்களும் முளைத்துவிட்டன. மாதா மாதம் விருது, நூற்றுக்கணக்கில் பிரிவு, எந்த அரங்கில் திரையிடுவார்கள் என்ற தகவலே இல்லை, ஆனால் போஸ்டரில் ஒட்டிக்கொள்ள இலை மாலைச் சின்னம் மட்டும் உடனே வரும் என்றால் அங்கே அனுப்பாதீர்கள். போன வருடம் என்ன படங்கள் போட்டார்கள், யார் தேர்வு செய்தார்கள், இயக்குநர்கள் நேரில் வந்தார்களா என்று தேடிப் பாருங்கள். முடிந்தால் அங்கே படம் காட்டிய ஒருவரிடம் கேளுங்கள்.

அடுத்தது முதல் காட்சி விஷயம். பெரிய விழாக்களின் போட்டிப் பிரிவுக்கு உலகிலேயே முதல் காட்சியாகவோ, குறைந்தபட்சம் சொந்த நாட்டுக்கு வெளியே முதல் காட்சியாகவோ இருக்க வேண்டும் என்பார்கள். ஆர்வத்தில் ஏதோ ஒரு சின்ன ஆன்லைன் விழாவில் காட்டிவிட்டு அப்புறம் பெரிய இடத்துக்குப் போனால் கதவு மூடியிருக்கும். ஆகவே மேலிருந்து கீழே வாருங்கள்: முதலில் இரண்டு மூன்று பெரிய இடம், அவர்கள் பதில் வரும்வரை பொறுமை, பிறகு உங்கள் படத்தின் குணத்துக்கு ஒத்துவருகிற நடுத்தர விழாக்கள். கட்டண விலக்கு கேட்டு ஒரு நேர்மையான மின்னஞ்சல் எழுதிப் பாருங்கள், சுயாதீன விழாக்கள் பல தரும். சப்டைட்டிலைத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துத் திருத்துங்கள். தேர்வுக் குழுவில் இருக்கிறவர் ஒரே நாளில் பல படம் பார்க்கிறார், மூன்றாவது நிமிடத்தில் சப்டைட்டில் தப்பாக ஓடினால் அவர் மனசும் படத்தை விட்டு ஓடிவிடும்.

உங்கள் நாடு ஏதாவது ஒரு வெளிநாட்டு விழாவில் ஃபோகஸ் ஆகிறது என்று தெரிந்தால் அந்தப் புரோகிராமருக்கு நேரடியாக எழுதுங்கள். அரசு அமைப்பு அனுப்பிய பட்டியலுக்கு வெளியே ஏதாவது கிடைக்காதா என்று அவர் தேடிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

கே: ஆப்பிரிக்க நாடுகளுக்கு ஃபோகஸ் என்றால் புதுப் படங்கள்தான் வருகின்றன. பழைய படங்களே இல்லையா?

ப: இருக்கின்றன, கைக்குக் கிடைப்பதில்லை. செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேன் தன் முதல் முழுநீளப் படத்தை 1966இல் எடுத்துவிட்டார், புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடுகுவில் ஆப்பிரிக்கப் படங்களுக்கான ஃபெஸ்பாகோ விழா 1969இல் தொடங்கிவிட்டது. ஆனால் அன்றைக்கு நெகட்டிவைக் கழுவவும் பிரதி எடுக்கவும் பாரிஸுக்கோ லண்டனுக்கோ அனுப்ப வேண்டியிருந்தது, பல படங்களின் மூலப் பிரதி அங்கேயே தங்கிவிட்டது. லேப் கைமாறியது, ரசீது தொலைந்தது, உரிமை யாரிடம் என்பதில் குழப்பம். அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி 2007இல் தொடங்கிய உலக சினிமா திட்டம், இத்தாலியின் போலோன்யா நகரத் திரைப்படக் காப்பகத்தோடு சேர்ந்து இப்படிப்பட்ட படங்களைத் தேடி மீட்கிறது. ஜிப்ரில் ஜோப் மாம்பெட்டி செனகலில் எடுத்த 1973ஆம் வருடத்து 'டூக்கி பூக்கி' அப்படி மீண்டதுதான். மீட்ட பிரதி ஒன்று ஃபோகஸ் பட்டியலில் இருந்தால் புதுப் படத்தை விட்டுவிட்டு அதற்குப் போங்கள். புதுப் படம் என்றாவது ஒரு நாள் உங்கள் டிவிக்கு வந்துவிடும்.

கே: படம் முடிந்து இயக்குநர் மேடைக்கு வரும்போது என்ன கேட்பதென்றே தெரியவில்லை. எல்லாரும் "இந்தப் படத்தின் செய்தி என்ன?" என்றே கேட்கிறார்கள்.

ப: அதை மட்டும் கேட்காதீர்கள், அவர் அதை ஏற்கெனவே இரண்டு மணி நேரம் சொல்லிவிட்டார். கையில் மைக் கிடைத்ததும் தன் கருத்தை ஐந்து நிமிடம் பேசிவிட்டுக் கடைசியில் "இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்று முடிக்கிறவராகவும் ஆக வேண்டாம். அந்தக் காட்சியை எங்கே எடுத்தீர்கள், அந்தக் கிழவி நடிகையா ஊர்க்காரரா, எந்தக் காட்சியை வெட்டினீர்கள் என்று சின்னதாகக் கேளுங்கள், பெரிய பதில் வரும். ஃபோகஸ் நாட்டு இயக்குநராக இருந்தால் நான் தவறாமல் கேட்பது ஒன்று உண்டு: "இந்தப் பட்டியலில் இருந்திருக்க வேண்டிய, ஆனால் இல்லாத உங்கள் நாட்டுப் படம் எது?" அவர் சொல்கிற பெயரைக் குறித்துக்கொள்ளப் பேனா எடுத்துப் போங்கள், எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள், இல்லையென்றால் வீட்டுக்கு வந்து தேடினால் கிடைக்காது.